பின்வரிசையிலிருந்து தெரியும் கழுத்துகள்

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் கண்காணிப்பாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘கழுத்து சார்’. முகத்துக்கு நேரே யாரும் அப்படி அழைத்ததில்லை. அவருக்கு முகத்தைக் காட்டும் வாய்ப்பே மாணவர்களுக்குக் குறைவு. மற்ற மேற்பார்வையாளர்கள் கூடத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாணவர்களைப் பார்த்தபடி கொட்டாவி விடுவார்கள். இவர் கடைசி வரிசைக்கும் பின்னால் போய், சுவரில் முதுகு படாமல் நின்றுகொண்டு கழுத்துகளைப் பார்ப்பார்.

“கண்ணு நடிக்கும். கழுத்துக்கு நடிக்கத் தெரியாது” என்று புதிதாக வரும் மேற்பார்வையாளர்களிடம் சொல்வார். முன்னால் உட்கார்ந்தால் மாணவன் உங்களையும் பார்க்கிறான், உங்களுக்காக ஒரு முகத்தைத் தயார் செய்து வைக்கிறான். பின்னால் நின்றால் நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்பது அவனுக்குத் தெரியாது. யோசிக்கிறவனின் கழுத்து மேலே போகும், எழுதுகிறவனின் கழுத்து கீழே போகும். பக்கவாட்டில் போகும் கழுத்துக்கு அவர் அகராதியில் ஒரே பொருள்தான். இதில் குறை காண யாராலும் முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவரும் முன்னால்தான் உட்கார்ந்தார் என்பதும், இடையில் ஏதோ ஒரு வருடத்தில் பின்னால் நகர்ந்தார் என்பதும் யாருக்கும் நினைவில்லை. அவருக்கே நினைவில்லை. நகர்ந்த பிறகுதான் அந்தத் தத்துவம் பிறந்தது.

அவருடைய கண்களைப் பற்றி அலுவலகத்தில் பெரிய மரியாதை இருந்தது. அரிசியில் எழுதுகிறவர்கள் பார்த்தால் வெட்கப்படும் அளவுக்குப் பொடி எழுத்தில் எழுதிய பிட்டுத்தாளைக் கொண்டுவந்து கொடுத்தால், மற்றவர்கள் கண்ணாடியைத் தேடுவதற்குள் இவர் அதை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து மடமடவென்று வாசித்துவிடுவார். அவர் வயதுக்காரர்கள் எல்லாரும் சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியலை எட்டிப் பிடித்துத் திணறும்போது, “எனக்கு இன்னும் கண்ணாடி வரல” என்று சொல்வதில் அவருக்கு ஒரு சுகம். கண்ணாடி என்பது சோம்பேறிகளுக்கு வரும் வியாதி என்றுகூட அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. எதைப் பற்றித்தான் அவருக்குச் சந்தேகம் இல்லை.

அந்தப் பருவத் தேர்வில் அவர் பிடித்தது நில அளவைத் துறையின் இறுதியாண்டு மாணவி ஒருத்தியை. தோழிகள் அவளைக் ‘கொக்கு’ என்பார்கள். நீளக் கழுத்து, யார் பேசினாலும் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்பாள். தேர்வு தொடங்கிச் சற்று நேரத்தில் வினாத்தாளில் ஒரு பிழை என்று செய்தி வந்தது. திருத்தத்தைக் கரும்பலகையில் எழுதினார்கள். எல்லாரும் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார்கள். கொக்கின் கழுத்து மட்டும் இடது பக்கம் திரும்பி, திரும்பியபடியே நின்றது. இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் துறையின் முதல் மாணவன். நிமிர்ந்த முதுகு, ஆடாத கழுத்து. அவனை எல்லாரும் ‘அளவுகோல்’ என்பார்கள். கழுத்து சாருக்கு அவன்மேல் தனி மதிப்பு. ‘உட்கார்ந்தா இப்படி உட்காரணும்’ என்று புதிய மேற்பார்வையாளர்களுக்குப் பின்னாலிருந்து அவனைக் காட்டியிருக்கிறார்.

அவர் சத்தமில்லாமல் நடந்து போய்க் கொக்கின் விடைத்தாளை உருவினார்.

“போர்டைத்தான் சார் பார்த்தேன்.”

“போர்டு நேரா இருக்கு. உன் கழுத்து எங்க இருந்துச்சு?”

அவள் பேனாவை மூடிவைத்தாள். அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறார்; அழுவார்கள், கெஞ்சுவார்கள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பார்கள். பேசாமல் இருப்பவர்களை அவர் ஒப்புக்கொண்டவர்கள் கணக்கில் சேர்த்துவிடுவார். வெள்ளிக்கிழமை விசாரணை என்று முடிவானது. குற்றம் உறுதியானால் அவளுக்கு ஒரு வருடம் போகும். நில அளவை நிறுவனம் ஒன்று அவளை ஏற்கெனவே வேலைக்குத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. வருடம் போனால் அதுவும் போகும்.

அன்று மாலை வீடு திரும்பினால் அங்கே வேறு விசாரணை காத்திருந்தது. அவர் மனைவி தையல்காரி. வீட்டின் கீழ்ப்பகுதியில் தெருவைப் பார்த்த அறையில் இயந்திரம் போட்டிருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஊசியை வாயில் கவ்விக்கொண்டே கேட்டாள்.

“பஸ் ஸ்டாப்புல நின்னு கையைக் காட்டுறேன். என்னைத் தாண்டிப் போறீங்க.”

“யோசனையா இருந்தேன்.”

“யோசனையா? போன வாரம் பச்சைச் சேலைக்காரி ஒருத்திக்குத் தலையாட்டிட்டுப் போனீங்களாம். எதிர் வீட்டு அக்கா சொன்னாங்க. அது என்ன யோசனை?”

“நீதான்னு நெனச்சேன்.”

“கட்டின பொண்டாட்டிய யாரோன்னு நெனைப்பீங்க, யாரோ ஒருத்திய பொண்டாட்டின்னு நெனைப்பீங்க. நல்லா இருக்கு.” கண்ணாடியை இறக்கி ஊசியில் நூலைக் கோத்தாள். “அந்த அக்காவும் சிரிச்சாங்களாம். நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்களாம். உத்தியோகத் திமிருன்னு தெருவே பேசுது.”

தெருவே தன்னைப் பற்றிப் பேசுகிறது என்பது அவருக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் தெருவில் யார் நிற்கிறார்கள் என்பதே அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை என்ற கோணத்தில் அவர் யோசிக்கவில்லை. சந்தேகத்தை வெளியே பார்க்கப் பழக்கியவர்களுக்கு அதை உள்ளே திருப்புவது கடினம்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் கண் பரிசோதனை முகாம் வந்தது. பல்கலைக்கழகச் சுகாதாரப் பிரிவு ஏற்பாடு; ஒரு கண்ணாடிக் கடைக்காரர் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து ஆதரித்தார். பரிசோதனை முடித்த சீட்டு இல்லாமல் மிச்சத் தேர்வுகளுக்கு அனுமதி கிடையாது என்று அறிவிப்பு. இடம், அதே தேர்வுக் கூடம். வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு, வேறு யாருக்கு, கழுத்து சாருக்கு.

“இலவசமா எதுக்கு பார்க்கணும்? ஊரான் கண்ணு மேல இவங்களுக்கு என்ன அக்கறை?” என்று சுகாதாரப் பிரிவு எழுத்தரிடம் கேட்டார்.

“காலேஜ் பசங்கள்ல நிறையப் பேருக்குத் தூரத்துல தெரியறதில்லையாம் சார். அவங்களுக்கே தெரியாதாம்.”

“தெரியலைங்கறது எப்படிய்யா தெரியாம இருக்கும்? டீ வாங்கிக் குடுக்கறவன் கண்ணாடி விக்கிறவன். சாயங்காலத்துக்குள்ள பாதிப் பேருக்குக் கண்ணு கெட்டுப் போயிடும், பாரு.”

முகாமுக்கு வந்தவர் பரிசோதகர் அம்மாள். நடுத்தர வயது, தூக்கம் கலையாத குரல், பக்கத்தில் ஒரு பிளாஸ்க். கரும்பலகையில், திருத்தங்கள் எழுதும் அதே இடத்தில், ஓர் அட்டையைத் தொங்கவிட்டார். எழுத்துகள் இல்லாத அட்டை. மூன்று விரலை நீட்டிய கை மாதிரி ஒரே குறி, வரிசை வரிசையாக, கீழே போகப் போகச் சிறியதாக. விரல்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று சொன்னால் போதும். எதிரே தூரத்தில் ஒரு நாற்காலி. அதற்கும் பின்னால், தன் வழக்கமான இடத்தில் கழுத்து சார்.

காலையில் வந்தவர்கள் எல்லாரும் தேறினார்கள். ஒருவர் விடாமல். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரியைச் சொல்வார்கள்: “வலது, மேலே, இடது, இடது, கீழே, வலது, மேலே.” மறு கண்ணைப் பொத்திக்கொண்டும் அதையே. பரிசோதகர் அம்மாளே ஒரு கட்டத்தில் பேனாவை மூடிவிட்டு டீயை ஊற்றினார்.

“இத்தனை வருஷத்துல இப்படி ஒரு காலேஜை நான் பார்த்ததில்ல சார். எல்லாப் பிள்ளைக்கும் கழுகுக் கண்ணு.”

கழுத்து சாருக்கு ஏமாற்றமாக இருந்தது. கண்ணாடிக் கடைக்காரரின் சதியை எதிர்பார்த்துக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றவருக்கு, சதியே நடக்கவில்லை என்பது பெரிய சந்தேகத்தைக் கிளப்பியது. கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூக்கில் வேர்த்தது. அந்த ராகம். ‘இடது, இடது’ என்னும்போது எல்லாக் குரலும் ஒரே இடத்தில் லேசாக ஏறி, ‘கீழே’யில் இறங்கியது. வாய்ப்பாடு சொல்கிறவர்களின் ராகம். பிறகு ஒரு பெண், பரிசோதகர் அம்மாள் குச்சியை அட்டைக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே முதல் இரண்டு குறிகளைச் சொல்லிவிட்டாள். இன்னும் ஒருவன் கண்ணைப் பொத்தச் சொன்னால் பதற்றத்தில் இரண்டையும் பொத்திக்கொண்டு பிழையில்லாமல் ஒப்பித்தான்.

அவர் நேராகப் பரிசோதகர் அம்மாளிடம் போனார்.

“மேடம், இந்த அட்டைக்குப் பின்பக்கம் ஏதாவது இருக்கா?”

“இருக்கே. வேற வரிசை. சின்ன ஊர்கள்ல முகாம் போடும்போது…”

“திருப்பிப் போடுங்க.”

“எதுக்கு சார்?”

“கேள்வித்தாள் வெளியே போயிருச்சு மேடம்.”

அட்டை திரும்பியது. அடுத்து உட்கார்ந்தவன் நல்ல உடற்கட்டுள்ள பையன். கம்பீரமாகக் கண்ணைப் பொத்தி, “வலது, மேலே, இடது, இடது” என்று தொடங்கினான். பரிசோதகர் அம்மாள் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

“தம்பி, நான் இன்னும் எந்த வரின்னே காட்டல.”

“மேல இருந்து சொல்லட்டுமா மேடம்?”

“சொல்லு.”

மேலே இருந்த பெரிய குறி தாண்டியதும் அவன் திருதிருவென முழித்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களில் சிலர் கடைசி வரி வரை சொன்னார்கள், மற்றவர்கள் அவனைப் போலத்தான். ஒருவன் கண்ணைச் சுருக்கினான், ஒருத்தி நாற்காலியின் நுனிக்கு வந்து முன்னால் சாய்ந்தாள், இன்னொருவன் விரல்களைக் குவித்து ஓட்டை செய்து அதன் வழியாகப் பார்த்தான். காலையில் கழுகுகளாக இருந்த பல்கலைக்கழகம் மதியத்தில் பாதிக் குருடாகிவிட்டது. அளவுகோலும் வந்தான். நேராக உட்கார்ந்து, நேராகப் பார்த்து, நேராகத் தோற்றான்.

விசாரித்ததில் கதை வெளியே வந்தது. காலையில் அட்டையை மாட்ட உதவியவன் ஒரு படம் எடுத்திருந்தான். முதல் டீ முடிவதற்குள் எல்லார் கைப்பேசிக்கும் போய்விட்டது. பார்வை சரியில்லை என்று சீட்டில் எழுதிவிட்டால் துறையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. நில அளவைக்காரர்களுக்கு வேலை கிடைக்காது, ஓட்டுநர் உரிமம் கிடைக்காது, கல்யாணப் பேச்சில் சொல்லிக்காட்டுவார்கள் என்று ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். முகாமே ஆள் குறைக்கத்தான் வந்திருக்கிறது என்பது அவர்களின் சந்தேகம். முகாமைப் பற்றிக் கழுத்து சாருக்கு இருந்த சந்தேகத்துக்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

வாழ்க்கையிலேயே மிகப் பெரிய காப்பியைப் பிடித்த நாள் அது. ஆனால் அதற்குத் தண்டனை கொடுக்க எந்த விதியிலும் இடமில்லை. அவர் அந்தச் சங்கடத்தை மென்றுகொண்டு நிற்கும்போது, வரிசையிலிருந்து ஒரு நீளக் கழுத்து நழுவுவது தெரிந்தது.

“எங்க போற?”

கொக்கு நின்றாள். “நாளைக்கு வரேன் சார்.”

“நாளைக்கு முகாம் இல்ல. உக்காரு.”

உட்கார்ந்தாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால், புதிய வரியைத் தடங்கலில்லாமல் கடைசிக் குறி வரை சொன்னாள். பரிசோதகர் அம்மாள் தலையசைத்தார். “இப்ப அந்தக் கண்ணைப் பொத்து.” வலது கண்ணைப் பொத்தினாள். பிறகு மெதுவாக, “வலது, மேலே, இடது, இடது…”

“அது பழைய பாட்டும்மா. அட்டை மாறிருச்சு.”

“தெரியும் மேடம்.”

“மேல இருக்கிற பெரிய குறியாவது தெரியுதா?”

“ஏதோ ஒண்ணு இருக்கறது தெரியுது.”

பரிசோதகர் அம்மாளின் குரலில் தூக்கம் கலைந்தது. இரண்டு கண்ணையும் திறந்து, வசதிப்படி பார்க்கச் சொன்னார். அவள் கழுத்து இடது பக்கம் திரும்பியது. திரும்பியபடியே நின்றது. கடைசி வரியைச் சரியாகச் சொன்னாள்.

பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கழுத்து சாருக்கு அந்தக் கழுத்து நன்றாகத் தெரிந்த கழுத்து. அதே கோணம். “பாருங்க மேடம், அட்டையைப் பார்க்கச் சொன்னா அந்தப் பக்கம் பார்க்குது!”

“அட்டையைத்தான் பார்க்குது சார்.”

“இடது பக்கம் திரும்பியிருக்கே.”

“முகம் திரும்பியிருக்கு. ஒரு கண்ணு மட்டும் நல்லா இருந்தா, அந்தக் கண்ணை நடுவுல கொண்டு வரத் தலையைத் திருப்பிக்குவாங்க. சின்ன வயசுலேயே பழகியிருக்கும். இங்க வந்து பாருங்க.”

அவர் தயங்கினார். பிறகு கூடத்தின் பக்கவாட்டில் நடந்து, கரும்பலகைக்கு முன்னால் வந்து, திரும்பி, நாற்காலிக்கு நெருங்கிக் குனிந்து பார்த்தார். முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண் மட்டும், ஆணி அடித்த மாதிரி, நேராக அவரையே பார்த்தது.

அவர் நிமிர்ந்தார். பரிசோதகர் அம்மாள் சீட்டு எழுத நகர்ந்ததும் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“அன்னிக்கே இதைச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லியிருந்தா ஒரு கண்ணு தெரியாதவளுக்கு நில அளவைத் துறையில என்ன வேலைன்னு கேட்பாங்க சார். முதல் வருஷம் சேரும்போதும் அட்டையை மனப்பாடம் பண்ணித்தான் சேர்ந்தேன்.” அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள். “எங்க துறைக்குச் சொல்லிடுவீங்களா?”

“எதை?”

“ரெண்டையும்.”

அவருக்கு இப்போதுதான் முழுச் சிக்கலும் புரிந்தது. தேர்வில் காப்பி அடிக்கவில்லை என்று அவள் நிரூபிக்க வேண்டுமானால், கண் பரிசோதனையில் காப்பி அடித்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றில் தப்பினால் இன்னொன்றில் மாட்டுவாள். இவ்வளவு கச்சிதமான பொறியை அவரே திட்டமிட்டு வைத்திருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது.

“பக்கத்துல இருந்தவன் பேப்பர் உனக்குத் தெரிஞ்சுதா இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

“அந்தப் பக்கம் எனக்கு மங்கல்தான் சார். அவன் அங்க உக்காந்திருந்தாங்கிறதே நீங்க பேப்பரைப் பிடுங்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு.”

நம்பலாமா என்று யோசித்தார். நம்பிப் பழக்கமில்லாத மனிதர். அதற்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவள் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கூடம் காலியானது. பரிசோதகர் அம்மாள் பிளாஸ்க்கைக் கவிழ்த்து, மிச்சம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, “நீங்களும் உக்காருங்க சார், பார்த்துடலாம்” என்றார்.

“எனக்கு எதுக்கு? நான் இந்த வயசுல கண்ணாடி இல்லாம பிட்டு படிக்கிறவன்.”

“எப்படிப் படிப்பீங்க?”

அவர் மேசையில் கிடந்த பிஸ்கட் உறையை எடுத்து, மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து, அடியில் இருந்த பொடி எழுத்தை வாசித்துக் காட்டினார். பரிசோதகர் அம்மாள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

“உக்காருங்க.”

உட்கார்ந்தார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரியை ஒப்பித்தார். மதியம் முழுவதும் கேட்டுக்கொண்டே நின்ற வரி. ‘கீழே, கீழே, வலது’ என்னும்போது குரல் லேசாக ஏறியது. அது அவர் காதிலேயே விழுந்தது.

பரிசோதகர் அம்மாள் எழுந்து போய் அட்டையைத் திருப்பினார். “வலது, மேலே, இடது, இடது” என்றார் கழுத்து சார்.

“ரெண்டு பக்கமும் மனப்பாடமா?”

“காதுல விழுந்தது மேடம்.”

“சரி.” அவர் குச்சியை எடுத்து வரியின் நடுவில் ஒரு குறியைத் தொட்டார். “இது?”

கழுத்து சார் கண்ணைச் சுருக்கினார்.

“இது?”

“வரிசையா கேளுங்க மேடம்,” என்றார் கழுத்து சார். அன்று பிற்பகல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பலர் சொன்ன அதே வார்த்தை. சொன்ன பிறகுதான் உணர்ந்தார். கையைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

“கிட்டப்பார்வை சார். பக்கத்துல பிரமாதமாத் தெரியும். அதனாலதான் வயசானாலும் படிக்கக் கண்ணாடி கேக்கல. தூரத்துல ஒண்ணும் தெரியாது. சின்ன வயசுலேயே இருந்திருக்கும், படிக்கிற காலத்துல கூடியிருக்கும். படிக்கிற பிள்ளைங்கள்ல இது ரொம்ப சாதாரணம். எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்குவாங்க.” சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்: “இங்க பின்னாடி நின்னா உங்களுக்கு என்ன தெரியும்?”

அவர் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். கண் தெரியாத தூரத்தில் கழுத்து மட்டும்தான் தெரியும். தத்துவம் முழுவதும் அதற்குள் இருந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணை, தேர்வுக் கட்டுப்பாட்டாளரின் அறையில். மேசையின் ஒரு பக்கம் கட்டுப்பாட்டாளரும் நில அளவைத் துறைத் தலைவரும். எதிரே கொக்கு, கைகளை மடியில் வைத்து, பிடிவாதமாகக் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு. அப்படி வைத்துக்கொள்ள அவள் எவ்வளவு சிரமப்படுகிறாள் என்பது அறையில் ஒருவருக்குத்தான் தெரியும். அளவுகோல் எழுதிக் கொடுத்திருந்ததைக் கட்டுப்பாட்டாளர் வாசித்தார்: ‘எனக்கு எதுவும் தெரியாது. நான் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.’

“நல்ல பையன்,” என்றார் துறைத் தலைவர்.

“சார், நீங்க பார்த்ததைச் சொல்லுங்க,” என்றார் கட்டுப்பாட்டாளர். இது வெறும் சடங்கு. கழுத்து சார் சொன்னால் முடிந்தது என்பதுதான் அந்த அறையின் பழக்கம்.

“கழுத்து இடது பக்கம் திரும்பியிருந்துச்சு.”

“பக்கத்துப் பேப்பரைப் பார்த்துச்சு,” என்று எடுத்துக்கொடுத்தார் கட்டுப்பாட்டாளர்.

“அதை நான் பார்க்கல.”

கட்டுப்பாட்டாளர் நிமிர்ந்தார். “என்ன சார்?”

“கழுத்தைத்தான் பார்த்தேன். நான் நின்ன இடத்துலருந்து கண்ணு தெரியாது. கழுத்தைத் திருப்பக் கூடாதுன்னு விதி கிடையாது. அடுத்தவன் பேப்பரைப் பார்க்கக் கூடாதுன்னுதான் விதி. பார்த்ததை நான் பார்க்கல.”

“இத்தனை வருஷமா கழுத்தை வச்சுத்தானே…” என்று துறைத் தலைவர் தொடங்கினார். பிறகு கண்ணைச் சுருக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்தப் பொண்ணு உங்களுக்கு ஏதாவது உறவா?”

“இல்ல சார்.”

“யாராவது வந்து பேசினாங்களா?”

“இல்ல.”

“அப்ப திடீர்னு என்ன?”

கொக்கு அவரைப் பார்க்கத் தலையைத் திருப்பப் போனாள். அவர் முந்திக்கொண்டார். “எனக்குத் தூரத்துல தெரியாது சார். முகாம்ல சொன்னாங்க. ரொம்ப நாளாவே தெரியாதாம். பின்னாடி நின்னா எனக்குக் கழுத்துதான் தெரியும், வேற ஒண்ணும் தெரியாது.”

கட்டுப்பாட்டாளரின் முகத்தில் ஒரு பெரிய கணக்கு ஓடியது: இதை ஏற்றுக்கொண்டால், இத்தனை வருடம் கழுத்தை வைத்துப் போட்ட தண்டனைகள் எல்லாம் எழுந்து வந்து வாசலில் நிற்கும். ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த எழுத்தரைப் பார்த்து, “கடைசியா சொன்னதை எழுத வேண்டாம்,” என்றார். “சாட்சி போதாதுன்னு போடு. அந்தப் பேப்பரை மறுபடியும் எழுதட்டும்.”

நீதி கிடைத்தது, ஆனால் யார் செய்த தவறும் பதிவாகவில்லை. அலுவலகங்களில் நீதி பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்.

தாழ்வாரத்தில் கொக்கு காத்திருந்தாள். நன்றி சொல்வாள் என்று பயந்து அவர் வேகமாக நடந்தார். அவள் கூடவே வந்தாள்.

“வேலைக்குப் போற இடத்துலயும் ஒரு அட்டை வச்சிருப்பான். அதையும் மனப்பாடம் பண்ணுவியா?”

“நேத்து போன் பண்ணிக் கேட்டுட்டேன் சார். ஒரு கண்ணு நல்லா இருந்தா போதுமாம்.”

“யாரு சொன்னது?”

“அவங்களேதான். அளவைக் கருவியில ஒரு கண்ணாலதானே சார் பார்க்கணும். மத்தவங்க இன்னொரு கண்ணை மூடிக் கஷ்டப்படுவாங்க, நீங்க மூட வேண்டியதில்லன்னு சிரிச்சாங்க.”

“இதை முதல் வருஷமே கேட்டிருக்கலாமே.”

“கேட்டா சந்தேகப்படுவாங்கன்னு நெனச்சேன் சார்.”

அது அவரே சொல்லியிருக்கக்கூடிய பதில்.

மறுதேர்வும் அரியர் தேர்வுகளும் சேர்ந்து நடந்த அன்று கூடம் ஒரு புதுவிதமாக மின்னியது. முக்கால்வாசிப் பேர் மூக்கில் புதுக் கண்ணாடி, மேசையில் புதுக் கண்ணாடிக் கூடு. கழுத்து சாரின் மூக்கிலும் ஒன்று இருந்தது. காலையில் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியவர், எதிர் வீட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மாள் பயந்துபோய் உள்ளே போனாள். மனைவி கையில் துணியோடு வாசலில் நின்று, “இத்தனை நாள் சிரிக்காத மனுஷன் இன்னிக்கு ஏன் சிரிக்கிறாரு?” என்று சந்தேகத்தோடு பார்த்தாள்.

பழக்கத்தில் அவர் கடைசி வரிசைக்குப் பின்னால்தான் போனார். அங்கிருந்து முதன்முறையாக எல்லாம் தெரிந்தது: கரும்பலகையில் சாக்பீஸ் தூள், ஒருவன் காதோரத்தில் மச்சம், கடிகாரத்தின் சின்ன முள். இரண்டாம் வரிசையில் அளவுகோல், போன முறை மதிப்பெண் போதவில்லை என்று அவனும் இந்தத் தாளை மறுபடி எழுதுகிறான். முதுகு நேர், கழுத்து நேர், நேர் எதிரே மேசையின்மேல் திறந்து வைத்த கண்ணாடிக் கூட்டின் மூடி, உள்பக்கம் தெரியும்படி. அங்கே கறுப்பாக ஏதோ அச்சடித்திருந்தது. கடைப் பெயராக இருக்கும் என்று நினைத்தார். பிறகு, கடைக்காரன் ஏன் தன் கூட்டுக்குள் நில அளவைச் சூத்திரம் அச்சடிக்க வேண்டும் என்று யோசித்தார்.

சத்தமில்லாமல் நடந்து போய்க் கூட்டை எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து வாசித்தார்.

“சார், நான் நேராத்தான் சார் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“தெரியும். இத்தனை வருஷமா நேராத்தான் பார்த்துக்கிட்டிருந்திருக்க.”

பிறகு அவர் பின்னால் போகவில்லை. கூடத்தின் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முகங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. எல்லாமே அப்பாவி முகங்கள். இத்தனை அப்பாவிகள் ஒரே கூடத்தில் இருக்க வாய்ப்பே இல்லை என்று அவருக்குப் பட்டது.

இரண்டாம் வரிசையில் ஒரு முகம் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது. கொக்கு பலகையில் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தாள், குனிந்து எழுதினாள். மணி அடித்ததும் முதல் ஆளாக வந்து விடைத்தாளை நீட்டினாள்.

“இப்ப முகம் தெரியுதா சார்?”

“தெரியுது,” என்றார் அவர். தாளை வாங்கி, பக்கங்களைப் புரட்டி, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு முறை பார்த்தார். “சந்தேகம்தான் இன்னும் போகல.”

“போகட்டும் சார், மெதுவா,” என்று சொல்லிவிட்டு அவள் வாசலைப் பார்த்து நடந்தாள், முகத்தை இடது பக்கம் வைத்துக்கொண்டு, நேராக.